விண்வீரனுக்குக் கண் வைத்தவர்கள்

ஒரு பொம்மை நன்றாக வந்திருக்கிறதா என்று பார்க்கும்போது நான் முதலில் முகத்தைப் பார்ப்பதில்லை. வலது கையைத் தூக்கி நிறுத்தி, மேசையில் இரண்டு முறை தட்டுவேன். கை தானாக இறங்கினால் தோள் மூட்டு தளர்வு என்று அர்த்தம்; அது இடது பக்கத் தட்டுக்குப் போகும். இறங்காவிட்டால் விரல் நகத்தால் விலாவைக் கீழிருந்து மேலாக வருடுவேன். அச்சின் இரண்டு பாதிகள் சேர்ந்த கோடு நகத்தில் தடுக்கக் கூடாது. பூட்ஸில் ஐந்து வரிகள் இருக்க வேண்டும். மார்பில் மூன்று பொத்தான்கள், மேலிருந்து சிவப்பு, மஞ்சள், பச்சை; ஒரு நிறம் அடுத்ததன் மேல் வழிந்திருக்கக் கூடாது. இடது கையுறை முழங்கை வரை, வலது கையுறை மணிக்கட்டு வரை. முதுகிலிருக்கும் பிராணவாயு உருளையிலிருந்து இரண்டு குழாய்கள் தலைக்கு வரும். அவற்றில் வலது குழாய்தான் இடதின் மேலே போக வேண்டும். கடைசியாகத்தான் முகம். அங்கே பார்க்க ஒன்றும் கிடையாது. ஒரு தலைக்கவசம், அதன் முன்னால் பளபளக்கும் கறுப்புக் கண்ணாடி, அவ்வளவுதான்.

திண்டிவனத்தில் ஒரு பிளாஸ்டிக் பட்டறையில் மூன்று வருடமாக இந்த வேலையைச் செய்கிறேன். இயற்பியல் பட்டம் வாங்கியவள் பொம்மையைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறாளா என்று கேட்ட உறவினர்கள் உண்டு. எனக்கு அதில் வெட்கமில்லை. தட்டிப் பார்ப்பதற்கு ஒரு கண் வேண்டும், ஒரு காது வேண்டும், மனசில் ஒரு கண்டிப்பு வேண்டும். மூன்றும் எனக்கு இருக்கின்றன. ஆனாலும் இந்த வேலை என்னிடம் தங்கியது என் திறமையால் அல்ல. வேறு சிலரால். நேரில் நன்றி சொன்னால் அவர்கள் சிரிப்பார்கள். அதனால் எழுதி வைக்கிறேன்.

எங்கள் குடும்பத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். விழுப்புரத்துக்கு வெளியே எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது, மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலையும் கரும்பும் போடுகிறோம். அப்பா கைநாட்டு. அவர் என்னைக் கல்லூரி வரை படிக்க வைத்தார் என்பதைவிட, நான் படித்துக்கொண்டே போனதை அவர் நிறுத்தவில்லை என்று சொல்வதுதான் சரி. பட்டம் வாங்கி வந்தபோது என் தங்கை பத்தாம் வகுப்பில் இருந்தாள். மல்லாட்டை பிடுங்க ஆள் கிடைக்காமல் அம்மா தவித்துக்கொண்டிருந்த வருடம் அது. அப்பா ஒரு நாள் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே சொன்னார்:

“படிச்சதுக்கு ஒரு எடம் கெடைக்குதா பாப்போம். இந்த வருசம் நீ ஒரு வேலையில நின்னு காட்டு. அப்புறம் சின்னவள பதினொண்ணு சேக்கலாமா, பள்ளிக்கூடத்த வுட்டு நிறுத்திடலாமான்னு பேசிக்கலாம்.”

கோபமாகச் சொல்லவில்லை. விதை வாங்குவதற்கு முன் ஒரு பிடி முளைக்கப் போட்டுப் பார்ப்பார் இல்லையா, அந்தக் குரலில் சொன்னார். தங்கை அடுப்படியிலிருந்து என்னைப் பார்த்தாள்.

இரண்டு மாதத்தில் திண்டிவனத்துப் பட்டறையில் வேலை கிடைத்தது. அப்பா சைக்கிளில் ஸ்டேஷன் வரை கொண்டுவந்து விடுவார். காலைப் பாசஞ்சரில் விக்கிரவாண்டி, பேரணி, மயிலம் என்று ஒவ்வொன்றாக நின்று போய்ச் சேர்வேன். கையில் சீசன் டிக்கெட், அதில் என் பெயர். அந்த அட்டையை ஒவ்வொரு நாளும் ஒரு முறை எடுத்துப் படிப்பேன் என்று சொன்னால் நம்புவீர்களோ என்னவோ.

முதலாளி அதற்கு முன் பிளாஸ்டிக் குவளையும் சீப்பும் ஊதலும் செய்து விற்றவர். மேல்மலையனூர் அமாவாசைக் கூட்டத்துக்கு மலிவான பொம்மைகளும் போடுவார். அவருக்குச் சென்னையிலிருந்து ஒரு பெரிய வேலை வந்திருந்தது. அங்கிருந்து வரும் ஒரு சிறுவர் வார இதழில் ஒரு படக்கதை ஓடிக்கொண்டிருந்தது. கிரகங்களுக்கு நடுவே காவல் சுற்றும் ஒரு விண்வீரனின் கதை. அந்த விண்வீரன் தலைக்கவசத்தைக் கழற்றியதே இல்லை. கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் அவன் மனிதனா, வேறு ஏதாவதா என்று யாருக்கும் தெரியாது. கதையின் உயிரே அதில்தான் இருந்தது. பிள்ளைகள் அதைப் பற்றி ஊகம் எழுதி அனுப்ப, அதற்கென்றே இதழில் ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். அந்த விண்வீரனைக் கை கால் அசையும் பொம்மையாகச் செய்து, பாதத்தில் எண் குத்தி, சேர்த்து வைக்க விரும்பும் வாசகர்களுக்கு அனுப்புவது அவர்களுடைய திட்டம். முதல் தவணை முந்நூறு பொம்மைகள். படத்தில் இருப்பது போலவே இருக்க வேண்டும், ஒரு பொத்தான் மாறினாலும் பிள்ளைகள் கண்டுபிடித்துக் கடிதம் போடுவார்கள் என்று இதழ்க்காரர்கள் எச்சரித்திருந்தார்கள். அதற்காகத்தான் முதலாளி படித்த ஆளைத் தேடினார்.

அதுவரை வந்திருந்த இருபத்தாறு வார இதழ்களையும் நான் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்தேன். அளவுகோலை வைத்துப் படங்களை அளந்தேன். அப்படி அளந்தபோது ஒன்று சிக்கியது. நான்காவது வாரத்தில் நீளக் கையுறை இடது கையில் இருந்தது. ஒன்பதாவது வாரத்தில் வலது கையில் இருந்தது. எது சரி? முதலாளி “ஏதோ ஒன்னு போடும்மா” என்றார். நான் அந்த ஓவியருக்கே, இதழின் முகவரியில், கடிதம் எழுதினேன். பத்து நாளில் ஒரு கார்டு வந்தது. இரண்டே வரி: இடது கைதான் சரி, ஒன்பதாம் வாரத்தில் இருப்பது என் தவறு.

அந்தக் கார்டை நான் காட்டாத ஆள் இல்லை. ரயிலில் தினமும் எதிரில் உட்காரும் நர்ஸம்மாவிடம் கூடக் காட்டினேன். வாராவாரம் அச்சில் வரும் படத்தில் ஒரு பெரிய ஓவியர் செய்த தவறை நான் கண்டுபிடித்திருக்கிறேன்! தங்கை அதை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, “எவ்ளோ சின்னதா ஒத்துக்கினாரு பாரேன்” என்றாள். எனக்கு அப்போது அது பெரிதாகப் படவில்லை.

பிறகு பட்டியலை டைப் அடித்தேன். இருபத்திரண்டு குறிப்புகள், ஆங்கிலத்தில். சென்னைக்காரர்கள் வந்தால் பார்க்கட்டும் என்று அதைச் சுவரில் ஒட்டி, வர்ணம் பூசும் பெண்களுக்குத் தமிழில் ஒரு முறை படித்துச் சொன்னேன். அவர்கள் மூன்று பேர். படிப்பு கிடையாது, ஆனால் ஒரு முறை கேட்டதை வரிசை மாறாமல் திருப்பிச் சொன்னார்கள். பதினேழாவது என்ன என்று கேட்டால், “பெல்ட்டு பட்டையில பிறை நெலா, வெள்ளி கலரு” என்று உடனே பதில் வரும்.

மூவரில் மூத்தவரை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். நாற்பது வயது இருக்கும். இங்கே வருவதற்கு முன் மூவரும் களிமண் பிள்ளையாருக்கும் கொலு பொம்மைக்கும் வர்ணம் தீட்டியவர்கள். ஊர் எல்லையில் நிற்கும் முனீஸ்வரன் சிலைகளுக்கும் வருடா வருடம் போய்ப் பூசிவிட்டு வருவார்கள். மயிரிழைப் பிரஷ்ஷைப் பிடித்தால் அக்காவின் கை ஆடாது. வாயும் ஓயாது.

“டீச்சரம்மா வந்துட்டாங்க. எல்லாரும் முதுவ நிமித்தி ஒக்காருங்கடி.”

“அக்கா, இதுல பச்சை வழிஞ்சிருக்கு பாருங்க.”

“எங்க? தே, ஊசி மொனை அளவு. உன் மாமியாக்காரி பாவம்டி. அவ ஆக்குற சோத்துல நீ கல்லு பொறுக்கியே கொன்னுடுவ.”

“திருத்திக் குடுங்க அக்கா.”

“குடுக்கறேன், குடுக்கறேன். இவ்ளோ பாக்கறியே, ஆகாசத்துல போறவன் பொத்தான எவன் போயி கிட்ட நின்னு பாத்தான்?”

சொல்லிக்கொண்டே திருத்திவிடுவார். அவர் கையிலிருந்து வந்ததை நான் இரண்டாம் முறை திருப்பி அனுப்பியதே கிடையாது.

ஒன்றை மட்டும் நான் கவனித்தும் புரிந்துகொள்ளவில்லை. மாலையில் வீட்டுக்குக் கிளம்பும்போது மூவரும் பொம்மைத் தட்டுகளின் மேல் ஒரு வேட்டித் துணியைப் போட்டு மூடுவார்கள். தூசு படியாமல் இருக்கத்தான் என்று நினைத்தேன். நல்ல பழக்கம் என்று பாராட்டவும் செய்தேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

முதல் முந்நூறும் முடிகிற வாரம் எனக்கு விழுப்புரத்தில் டைப்ரைட்டிங் ஹையர் பரீட்சை வந்தது. வெள்ளி, சனி லீவு கேட்டேன். செவ்வாய்க்கிழமை பெட்டிகளைச் சென்னைக்குக் கொண்டுபோக வேண்டும். “பட்டியல் சுவரில இருக்கு, அக்காவுக்கு அது மனப்பாடம், ஒரு குறையும் வராது சார்” என்று முதலாளியிடம் சொல்லிவிட்டுப் போனேன். திங்கட்கிழமை காலையில் வந்து துணியைத் தூக்கினேன்.

முந்நூறு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

கறுப்புக் கண்ணாடியின் மேல், ஒவ்வொன்றிலும், இரண்டு கண்கள். சாதாரணக் கண்களாகவும் இல்லை. பாதாம் கொட்டை வடிவத்தில் வெள்ளை, நடுவில் துருத்திய கறுப்பு விழி, ஓரங்களில் இரத்தச் சிவப்பில் மெல்லிய கோடுகள், மேலே வில்லாக வளைந்த புருவம். எல்லையில் அரிவாளோடு நிற்பவரின் கண்கள். அவை விண்வெளி உடையில், பிராணவாயுக் குழாயோடு, வரிசை வரிசையாக விழித்துக்கொண்டிருந்தன.

“அக்கா! இது என்ன?”

“வந்துட்டியா? பரீட்ச நல்லா எழுதினியா?” அக்காவின் முகம் அவ்வளவு மலர்ந்திருந்தது. “ஒன்னும் கவலப்படாத. யாருக்கும் தெரியாது. ஞாயித்துக்கெழமையும் வந்து முடிச்சிட்டோம்.”

“எதை முடிச்சீங்க?”

“கண்ணத்தான். நீ மறந்துட்டியே.” அவர் குரலைத் தாழ்த்தினார். “இருவத்திரண்டும் முடிஞ்சிச்சு. எண்ணி எண்ணிப் பாக்கறோம், கண்ணு எங்கயுமே வரல. பாவம், படிச்ச பொண்ணு, பரீட்ச அவசரத்துல வுட்டுட்டுது, மொதலாளி பாத்தா அந்தப் பொண்ணத்தான் திட்டுவாரு, ஜல்தி நாமளே வெச்சி முடிச்சிடலாம்னு இதுங்களை இட்டாந்து ஒக்கார வெச்சேன்.”

மற்ற இருவரில் ஒருத்தி சொன்னாள்: “கண்ணு தொறக்காத பொம்மைய வெளிய அனுப்பக் கூடாது இல்ல. தெனம் துணி போட்டு மூடிக்கினே இருந்தோம். எப்ப சொல்லுவ, எப்ப சொல்லுவன்னு.”

எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. “இவனுக்குக் கண்ணே கிடையாது! கதையே அதுதான்!” என்று கத்தினேன். கத்திக்கொண்டே சுவரில் இருந்த பட்டியலிடம் போனேன், எந்த வரியை அவர்கள் மீறினார்கள் என்று விரல் வைத்துக் காட்டுவதற்காக. மேலிருந்து கீழே படித்தேன். இருபத்தொன்றாவது: கண்ணாடி, பளபளப்பான கறுப்பு. அதைப் பளபளப்பான கறுப்பாகத்தான் பூசியிருந்தார்கள். பூசி முடித்து, அதன் மேல்தான் வரைந்திருந்தார்கள். மீறிய வரி ஒன்று கூட இல்லை. இருக்க வேண்டிய எல்லாவற்றையும் நான் எழுதியிருந்தேன். இருக்கக் கூடாததை எழுதவே இல்லை. வாழ்நாள் முழுக்கக் கண் வைத்தே பொம்மையை முடித்தவர்களிடம், இதற்குக் கண் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்குத் தோன்றவில்லை. எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்தேன். அந்த ‘எல்லோரும்’ இதழ் படிப்பவர்கள்.

முதலாளி மதியம்தான் வருவார். ஒரு பொம்மையை எடுத்து, வர்ணம் கரைக்கும் தின்னரால் துடைத்துப் பார்த்தோம். கண்ணோடு கறுப்பும் வந்து, பிளாஸ்டிக் புகை படிந்த மாதிரி மங்கிப்போனது. அக்கா, “இரு, மேலயே கறுப்பு அடிச்சிடறேன்” என்று நான்கு பொம்மைகளின் கண்களை மூடினார். சுவரோரம் வெயிலில் வைத்துக் காயவிட்டோம். காய்ந்ததும் கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தேன். நன்றாகவே இருந்தன. ஜன்னல் பக்கம் போய்ச் சாய்த்தேன். கறுப்புக்குள்ளிருந்து அந்தக் கண்கள் மேடாக எழுந்து வந்தன, புருவம் உட்பட.

ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு சீட்டு போகும். படத்தோடு ஒத்திருக்கிறது, வேலைப்பாடு சரி என்று அதில் நான் கையெழுத்துப் போட வேண்டும்.

“போட்டுக் குடு,” என்றார் அக்கா. “சாயங்காலத்துக்குள்ள மிச்சத்தையும் மூடிடறோம். எவன் வெயில்ல புடிச்சி சாய்ச்சிப் பாக்கப் போறான்?”

“நான் பார்த்தேனே அக்கா.”

“உன்ன மாதிரி பேஜாரு புடிச்சவ எத்தினி பேரு இருப்பா?”

இருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். கடிதம் எழுதுகிற பிள்ளைகள் அப்படிப்பட்டவர்கள்தான். ஆனால் உண்மையில் அந்த நேரத்தில் நான் பிள்ளைகளை நினைக்கவில்லை. தங்கையை நினைத்தேன். கையெழுத்துப் போட்டால் வேலை இருக்கும், அவள் ஜூன் மாதம் பதினொன்றாம் வகுப்புக்குப் போவாள். போடாவிட்டால் அப்பா என்னிடம் ஒன்றும் கேட்க மாட்டார். அவளிடம் ஒரு களைக்கொத்தைக் கொடுத்துவிடுவார். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். கைப்பையில் அந்தக் கார்டு இருந்தது. இரண்டே வரி. எவ்வளவு சின்னதாக ஒத்துக்கொண்டார் என்று தங்கை சொன்னது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சீட்டில் எழுதினேன்: முந்நூறும் தேறவில்லை. என் பட்டியலில் ஒரு குறிப்பு விடுபட்டது. என் தவறு.

முதலாளி சீட்டைப் படித்தார். பொம்மையைப் பார்த்தார். மறுபடி சீட்டைப் படித்தார்.

“யாரு பண்ணது இது?”

“நாங்கதான் வெச்சோம் மொதலாளி,” என்று அக்கா முன்னால் வந்தார். “அந்தப் பொண்ணுக்கு ஒன்னும் தெரியாது. அது பரீட்சைக்குப் போயிருந்துச்சு.”

“நான் எழுதல சார். எழுதியிருந்தா அவங்க வெச்சிருக்க மாட்டாங்க.”

“ரெண்டு பேரும் போட்டி போட்டுக்கினு தப்ப வாங்குறீங்க. நல்லாத்தான் இருக்குது. மெட்ராஸ்காரனுக்கு எவன் பதில் சொல்றது?” என்று கத்திவிட்டு, தபாலாபீசுக்குப் போய் டிரங்க் கால் போட்டார். ஒரு மணி நேரம் கழித்து வந்தார். கோபம் பாதியாகியிருந்தது. “புதுசா போட்டுக் குடுக்க ரெண்டு வாரம் டயம் வாங்கியிருக்கேன். இத என்னா பண்றதுன்னு கேட்டா, கண்ணு வெச்சது எங்க ஆளே இல்ல, நீயே என்னா வேணா பண்ணிக்கோன்னுட்டான்.” என் பக்கம் திரும்பினார். “ஏம்மா, வர்ற ஞாயித்துக்கெழம அமாவாசை. மலையனூர்ல கடை போடறேன். நீயும் இந்தக்காவும் நின்னு வித்துட்டு வாங்க. எல்லாம் போச்சின்னா திங்கக்கெழம வந்து ஒழுங்கா ஒரு பட்டியல் எழுது. கூடையோட திரும்பி வந்தா, வீட்லயே இருந்துக்கோ.”

மேல்மலையனூர்க் கூட்டத்துக்கு என்னைத் தனியாக அனுப்ப அப்பாவுக்கு மனமில்லை. அவரும் வந்தார், பள்ளி விடுமுறை என்று தங்கையும் வந்தாள். கம்பெனிக் கடை என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன். செஞ்சி வழியாகப் பஸ்ஸில் நின்றுகொண்டே போய் இறங்கியபோது உச்சி வெயில். கோயிலுக்குப் போகும் வழியில் எலுமிச்சம்பழக் கடைகளுக்கும் வளையல் கடைகளுக்கும் நடுவே எங்களுக்கு ஒரு சாக்கு விரிப்பு. அக்கா முன்னமே வந்து பொம்மைகளை அடுக்கியிருந்தார்.

நான் எனக்குத் தெரிந்த மாதிரி விற்றேன். தோள், முழங்கை, இடுப்பு என்று எங்கெல்லாம் அசையும் என்று காட்டினேன். அச்சுக் கோடு தெரியாது என்றேன். மூட்டு தளராது என்று தட்டிக் காட்டினேன். நின்று கேட்டார்கள், போய்விட்டார்கள். இரண்டு மணி நேரத்தில் ஏழு போயிருந்தது.

“நவுரு டீச்சரம்மா,” என்றார் அக்கா. “சோதனச்சாவடி மாதிரி பேசிக்கினு இருக்க.” அவர் பொம்மையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஒன்றைக் கையில் எடுத்து, அம்மாவின் இடுப்பில் போய்க்கொண்டிருந்த ஒரு குழந்தையின் முகத்துக்கு நேரே பிடித்தார். குழந்தை அந்தக் கண்களைப் பார்த்தது. கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. பிறகு வீரிட்டது, அது வேண்டுமென்று.

“இது என்னா சாமிம்மா?” என்றாள் தாய்.

“சாமி இல்லிங்க, ஆகாசத்துல காவல் போறவரு.”

“காவலா? அப்ப முனிதான். கழுத்துல என்னாது கொழாயி?”

“மூச்சு வுடறதுக்குங்க. மேல காத்து கெடையாதில்ல.”

“அடப் பாவமே. சாமிக்கு ஆஸ்துமாவா?” சிரித்துக்கொண்டே இரண்டு வாங்கினாள்.

அதற்குப் பிறகு நான் பொம்மையை எடுத்துக் கொடுப்பதற்குத்தான் சரியாக இருந்தேன். ஒரு பஸ் டிரைவர் வந்து ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “முன்னால கண்ணாடிகிட்ட வெச்சா திருஷ்டி அண்டாது” என்று வாங்கிப்போனார். கால் மணி நேரத்தில் இன்னும் மூன்று டிரைவர்கள் வந்தார்கள். பொம்மையை மார்போடு அணைத்துக்கொண்டு போன ஒரு சிறுமி பத்தடிக்கு ஒரு முறை அதைத் திருப்பி, அது தன்னைப் பார்க்கிறதா என்று சரிபார்த்துக்கொண்டே போனாள். அவளும் ஒரு செக்கிங்தான் செய்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அவளுடைய பட்டியலில் ஒரே ஒரு குறிப்பு.

கூட்டம் சற்றுத் தணிந்த ஒரு நேரத்தில் அப்பா அக்காவிடம் கேட்டது காதில் விழுந்தது. “எங்க பொண்ணு நல்லா வேலை செய்யுதுங்களா?”

நான் கண்ணால் ஜாடை காட்டுவதற்குள் அக்கா எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். கண், பட்டியல், சீட்டு, மூடி மறைக்கச் சொன்னதும் நான் மாட்டேன் என்றதும், கூடையோடு திரும்பினால் வேலை இல்லை என்றதும், ஒன்று விடாமல். தங்கை கையிலிருந்த பொம்மையைக் கீழே வைத்தாள். அப்பா எழுந்து என்னிடம் வந்தார்.

“முந்நூறும் தப்பாம்மா?”

“ஆமாம்பா.”

“எல்லாம் வித்துட்டா என்னா பண்ணுவாரு உங்க மொதலாளி?”

“திருப்பிப் பட்டியல் எழுதச் சொன்னாரு.”

“தப்பா எழுதுன உன்னையேவா?”

“ஆமாம்பா.”

அவர் கோபுரத்தின் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்: “நான் ஆடிப் பட்டம் தப்பி வெதைச்சா ஒரு வருசம் போச்சு. இந்தா திரும்ப வெதைன்னு பூமி குடுக்காது. உனக்குக் காயிதம் குடுத்து இன்னொருக்கா எழுதுன்னு சொல்றாங்க. இப்படி ஒரு எடம் இருக்குதுன்னு எனக்குத் தெரியாதும்மா.” பிறகு கூடைக்குள் எட்டிப் பார்த்தார். “எத்தினி கெடக்குது?”

இன்னும் நாற்பது இருந்தன. அப்பா துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு கூடையைத் தோளில் தூக்கினார். வீட்டில் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசுகிறவர். அவர் கூட்டத்துக்குள் நடந்துகொண்டே, “ஆகாச முனி! கண்ணு பாருங்க, ஆகாச முனி!” என்று கூவியதை நானும் தங்கையும் வாயைப் பிளந்து பார்த்தோம். விளக்கு வைக்கும் நேரத்துக்குக் காலிக் கூடையோடு வந்தார். குரல் கட்டிப்போயிருந்தது. திரும்பும் பஸ்ஸில், தூங்கி விழுந்துகொண்டிருந்த தங்கையின் தலையைத் தன் தோளில் சாய்த்துவிட்டு, “பதினொண்ணுக்கு எப்ப எழுதிக் குடுக்கணும்னு கேட்டுக்கினு வா” என்றார்.

திங்கட்கிழமை நான் புதுப் பட்டியல் எழுதினேன். இந்த முறை தமிழில். இருபத்து மூன்றாவது: கண் வரையக் கூடாது. பேனாவை மூடவில்லை, மூன்று பேரையும் உட்கார வைத்து, “நான் சொல்லாமலே வேற என்னவெல்லாம் செய்வீங்க?” என்று கேட்டேன். யோசித்துச் சொன்னார்கள். கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைப்பார்களாம். பாதத்தின் அடியில் ஒரு மஞ்சள் புள்ளி இடுவார்களாம். கண் வைத்த முந்நூறிலும் அது இருந்தது, நான் அதை அச்சின் கறை என்று நினைத்திருந்தேன். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். கண் திறக்காத பொம்மைகளோடு வேலை செய்ய அவர்களுக்கு இன்னும் மனசு ஒப்பவில்லை என்பது தெரிந்தது. அதனால் கடைசிக் குறிப்பாக, மாலையில் துணி போட்டு மூட வேண்டும் என்று சேர்த்தேன். தூசுக்காக அல்ல என்பது இப்போது எனக்குத் தெரியும். சென்னைக்குப் போன முந்நூறில் ஒன்று கூடத் திரும்பி வரவில்லை. அமாவாசைக்கென்று கண் வைத்த ஆகாச முனியையும் முதலாளி தனியாகப் போட ஆரம்பித்துவிட்டார். அதைச் சரிபார்ப்பது அக்கா. நான் தலையிடுவதில்லை.

கறுப்படித்து மூடிய அந்த நான்கு பொம்மைகளை நான் விற்கக் கொண்டுபோகவில்லை. ஒன்று என் மேசையில் இருக்கிறது. ஒன்றை ஓவியருக்கு அனுப்பி, நடந்ததையும் எழுதினேன். கார்டு வந்தது: கண்கள் பிரமாதம், ஆனால் கூடாது.

தங்கை இந்த வருடம் கல்லூரியில் சேர்ந்தாள். கணிதம். சேர்ந்த வாரமே பட்டறைக்கு வந்து எல்லோருக்கும் அடையாள அட்டையைக் காட்டினாள். அக்கா அதை வாங்கி, எழுத்துப் படிக்கத் தெரியாதவர் ஆகையால் போட்டோவை மட்டும் ஜன்னல் பக்கம் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

“கண்ணு கொஞ்சம் மூடிக்கினு இருக்குது,” என்றார். “இருந்தாலும் தேறிடிச்சின்னு எழுதிக்கோ டீச்சரம்மா.”